கத்தியில்லா புராஸ்டேட் சிகிச்சைகள்: எது யாருக்குப் பொருந்தும், எங்கே கோட்டை விடுகிறார்கள்

“கத்தி இல்லீங்க, தையல் இல்லீங்க, மறுநாளே வீட்டுக்குப் போயிரலாம்.” ஆண்களுக்குச் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்காகச் சேலத்தில் ஆஸ்பத்திரி ஏறி இறங்குபவர்கள் காதில் முதலில் விழுவது இதுதான். இந்த ஒரே வரிக்குள் அரை டஜன் சிகிச்சைகளை அடக்கிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். டி.யூ.ஆர்.பி.யும் ஹோலெப் லேசரும்கூடத் தோலைக் கிழிப்பதில்லை, சிறுநீர் வரும் பாதை வழியாகவே உள்ளே போகின்றன. அதனால் அவை ஆபரேஷன் இல்லை என்று ஆகிவிடாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, சதையைச் சீவியோ குடைந்தோ எடுக்கிறார்கள். லேசர் என்றதும் வயிற்றின் மேல் வெளிச்சம் காட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பி வந்து படுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சதையை வெட்டி எடுக்காத நான்கு முறைகளை மட்டும் இங்கே எடைபோடுகிறோம்: ரெஜூம், யூரோலிஃப்ட், ஐடின்ட், புராஸ்டேட்டுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் முறையான பி.ஏ.இ.

எதற்கும் முன்னால் நோயாளியின் கோப்பில் சில தாள்கள் இருந்தாக வேண்டும். முதலாவது, சிறுநீர்த் தொந்தரவை மதிப்பிடும் ஐ.பி.எஸ்.எஸ். கேள்வித்தாள். 7 கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை வந்தால் லேசான தொந்தரவு; அவர்கள் இந்த நான்கில் எதற்கும் பணம் கட்டத் தேவையில்லை. 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 தொட்டால் கடுமை. அடுத்தது, சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ. உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் நல்லது, 10-க்குக் கீழே போனால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். 150 மில்லியாவது போயிருந்தால்தான் அந்த வரைபடத்துக்கு மதிப்பு.

மூன்றாவது, சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மீதம் தங்குகிறது என்று ஸ்கேனில் அளப்பது. இந்த இடத்தில்தான் நிறையப் பேருக்கு முதல் சறுக்கல். ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி டோக்கன் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். முறை வருவதற்குள் பை முட்டி வலியே எடுத்துவிடும். அளவுக்கு மீறி விரிந்த சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காது. பாதி போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் 20 நிமிடம் வரிசையில் காத்திருந்து அளந்தால், ‘மீதம் தங்கும் சிறுநீர் 200 மில்லி’ என்று ரிப்போர்ட் வந்துவிடும். இயல்பாக முட்டும்போது போய், போன கையோடு அளக்கச் சொல்லி இன்னொரு முறை எடுத்தால் அதே மனிதருக்கு 60 என்று வரலாம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சிகிச்சைக்குத் தேதி குறிப்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

ஸ்கேனில் ‘புராஸ்டேட் கிரேடு 2’ என்று மட்டும் எழுதித் தருவது போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சென்டிமீட்டரில் வேண்டும். மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கன அளவு மில்லியில் கிடைக்கும், ஒரு மில்லியை ஏறக்குறைய ஒரு கிராம் என்று கொள்வார்கள். 4.5, 4.8, 4.2 என்றிருந்தால் சுமார் 47 கிராம் என்று கணக்கு. அதைவிட முக்கியமானது, சுரப்பியின் நடுப் பகுதியான நடு மடல் சிறுநீர்ப்பைக்குள் எத்தனை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது, சில கருவிகளும் உதவாது. இந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்காமல் ஸ்கேன் சென்டரை விட்டு வெளியே வராதீர்கள்.

பிறகு, புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. இந்த நான்கு முறைகளிலும் சதைத் துண்டு வெளியே வராது, பயாப்சிக்கு அனுப்ப எதுவும் இருக்காது. ஆகவே புற்றுநோய்ச் சந்தேகத்தை முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதமாகச் சுரப்பியைச் சுருக்கும் மாத்திரைகளான டூட்டாஸ்டெரைடு அல்லது ஃபினாஸ்டெரைடு சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பாதியாக இறங்கிக் காட்டும். 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். மாத்திரைப் பெயரைச் சொல்லாமல் லேப் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டினால் டாக்டரும் ஏமாந்துபோவார்.

ரெஜூம்தான் எங்கள் பார்வையில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது. 30 முதல் 80 கிராம் வரையிலான சுரப்பிக்கு என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2015-இல் இதை அனுமதித்தது. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை நுழைத்து, அதன் ஊசியைச் சுரப்பிக்குள் இறக்கி, 9 நொடி நீராவி விடுகிறார்கள். பிறகு ஒரு சென்டிமீட்டர் தள்ளி அடுத்த ஊசி. மொத்த வேலையும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீராவி பட்ட திசு செத்து, உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. நடு மடலுக்கும் இதைச் செய்யலாம் என்பது பெரிய வசதி. விந்து வெளியேறுவது பெரும்பாலானவர்களுக்குக் கெடுவதில்லை. டி.யூ.ஆர்.பி. செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் நம் ஊர் ஓ.பி.யில் யாரும் வாய் திறந்து கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

ரெஜூமின் குறை முதல் மாதம். வெந்த திசு வீங்கும், அதனால் 3 முதல் 7 நாள் வரை சிறுநீர் இறங்க டியூப் இருக்கும். டியூப் எடுத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் எரிச்சல், அவசரம், இடையிடையே ரத்தம் கலந்த சிறுநீர். முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். ‘பணம் கட்டியும் முன்னைவிட மோசமாயிருச்சு’ என்ற புலம்பல் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் வரும் புலம்பல்தான். இந்தக் கருவிக்கு அனுமதி வாங்கித் தந்த ஆய்வில், ஐந்தாண்டுக்குள் மறுபடி அறுவை தேவைப்பட்டவர்கள் 4.4 சதவீதம். நான்கு முறைகளில் இந்தக் கணக்கு நன்றாக இருப்பது இதற்குத்தான்.

யூரோலிஃப்டில் எதையும் எரிப்பதில்லை. பாதையை நெருக்கும் இரண்டு பக்க மடல்களையும் சின்ன உலோகக் கொக்கிகளால் ஒதுக்கிக் கட்டுகிறார்கள், சன்னல் திரையை ஓரமாக இழுத்துக் கட்டுவது மாதிரி. ஒருவருக்கு வழக்கமாக நான்கைந்து கொக்கிகள். பலரும் டியூப் இல்லாமலே வீட்டுக்குப் போகிறார்கள், இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிகிறது, விந்து விஷயத்திலும் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் நடு மடல் துருத்தியிருப்பவருக்கு இது சரியான தேர்வு அல்ல. அங்கேதான் அந்த மில்லிமீட்டர் எண் கைகொடுக்கும். கொக்கியின் முனை சிறுநீர்ப்பைக்குள் நீட்டிக்கொண்டால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகும். ஐந்தாண்டில் மறுசிகிச்சை 13.6 சதவீதம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர் முன்பே சொல்லிவிட வேண்டும். பில் போடுவது கொக்கிக் கணக்கில் என்பதால், ஒன்று என்ன விலை, எத்தனை போடத் திட்டம், கூடுதலாகப் போட்டால் யார் தலையில் விழும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐடின்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிட்டினால் என்ற உலோகக் கலவையில் செய்த கம்பிக் கூடு ஒன்றை 5 முதல் 7 நாள் உள்ளே விரித்து வைத்து, பாதையை மூன்று இடத்தில் அழுத்தி விலக்கி, பிறகு எடுத்துவிடுகிறார்கள். உள்ளே எதுவும் தங்காது. சின்னச் சுரப்பிக்கும், நடு மடல் இல்லாதவருக்கும் மட்டுமே பொருந்தும்.

பி.ஏ.இ. வேறு ஜாதி. இதைச் செய்பவர் யூராலஜிஸ்ட் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புராஸ்டேட்டுக்குப் போகும் குழாயைத் தேடிப் பிடித்து, 300 முதல் 500 மைக்ரான் வரையிலான துகள்களை விட்டு ரத்த ஓட்டத்தை அடைக்கிறார்கள். இடது, வலது இரண்டு பக்கமும் அடைத்தாக வேண்டும். ஒரு பக்கம்தான் கிடைத்தது என்றால் பலன் குறையும், டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பாருங்கள். மரக்கும் ஊசி மட்டும் போதும். 80, 100 கிராமைத் தாண்டிய பெரிய சுரப்பி, மயக்க மருந்து தாங்காத இதயம், நாள்கணக்காக டியூபோடு இருக்கும் முதியவர்: இவர்களுக்கு பி.ஏ.இ. உண்மையிலேயே ஒரு வழி.

தேடிப் பிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், ஆளுக்கு ஆள் வேறு இடத்திலிருந்து கிளைக்கும். பக்கத்திலேயே சிறுநீர்ப்பைக்கும், மலக்குடலுக்கும், ஆணுறுப்புக்கும் போகும் கிளைகள். துகள் தப்பிப் போனால் அங்கே புண்ணாகும். அதனால் முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோ, நடுவில் மேசையிலேயே கோன் பீம் சி.டி., இந்த இரண்டும் உள்ள இடமா என்று கேளுங்கள். இதய ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் இருப்பது மட்டும் போதாது. நெடுநாள் சர்க்கரை, புகை என்று ரத்தக்குழாய் சுண்ணாம்பு படிந்து வளைந்திருப்பவருக்கு உள்ளே போகவே முடியாமல் திரும்பி வருவதும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருந்தால், ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்துக்கு ஆகாது. முடிந்த பிறகு ஒரு வாரம்வரை எரிச்சல், அடிவயிற்று வலி, லேசான காய்ச்சல் வருவது எதிர்பார்த்ததுதான். சுவிட்சர்லாந்தில் டி.யூ.ஆர்.பி.யோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வில், பி.ஏ.இ. செய்தவர்களில் ஐந்தில் ஒருவர் இரண்டாண்டுக்குள் டி.யூ.ஆர்.பி.க்குப் போக வேண்டியிருந்தது. சிறுநீரின் வேகமும் டி.யூ.ஆர்.பி. அளவுக்குக் கூடவில்லை.

நான்கில் எதுவும் உதவாத ஆட்கள் உண்டு. சிறுநீர்ப்பையில் கல், அடைப்பால் வீங்கிய சிறுநீரகம், திரும்பத் திரும்ப ரத்தம் அல்லது கிருமித் தொற்று: இவர்கள் ‘கத்தியில்லா’ விளம்பரத்தைப் பார்த்து நாளைக் கடத்தாமல் டி.யூ.ஆர்.பி.யோ ஹோலெப்போ செய்துகொள்வதே புத்திசாலித்தனம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி பிரிவுக்குப் போய் ஒரு கருத்துக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம், செலவும் இல்லை. நெடுநாள் சர்க்கரையால் பையே தளர்ந்துபோனவருக்கு வாசலை எவ்வளவு அகலமாக்கினாலும் தள்ள ஆள் இருக்காது. அவருக்கு முதலில், பை சுருங்கித் தள்ளுகிறதா என்று பார்க்கும் யூரோடைனமிக் சோதனை.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ரேட் அல்ல. செய்பவர் இங்கேயே இருப்பவரா, கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து போகிறவரா? வந்து போவதில் தவறில்லை. அன்று ராத்திரி ரத்தக் கட்டி டியூபை அடைத்தால் யார் வந்து கழுவிவிடுவார் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரையை யாரைக் கேட்டு, எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதையும் முன்பே பேசுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் போட்டவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரக்கூடும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சில. டியூபை எடுப்பதற்குக் காலை நேரமாகக் கேளுங்கள். எடுத்த பிறகு சேலத்திலேயே இருந்து, இரண்டு முறை நன்றாகப் போனதைப் பார்த்துவிட்டு மலையேறுங்கள். சாயங்காலம் எடுத்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய், நள்ளிரவில் அடைத்துக்கொண்டு அதே வளைவுகளில் இறங்குவது நரகம். டியூபோடு போகும்போது சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், குழாயைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்க வேண்டும். பைக் வேண்டவே வேண்டாம். பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு கல்லாகி, டியூபைச் சுற்றிக் கசிந்தால் அடைத்துவிட்டது என்று பொருள். நீங்களாக டியூபை இழுக்காதீர்கள். உள்ளே பலூனில் தண்ணீர் இருக்கிறது, இழுத்தால் பாதை கிழிந்துவிடும்.

மார்கழிக் குளிரில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சளி மாத்திரையும் ஒரு வில்லன். ஃபீனைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் கலந்தவை சிறுநீர் வாசலை இறுக்கிப் பையைத் தளர்த்திவிடும், நன்றாக இருந்தவருக்கும் திடீரென்று நின்றுபோகும். காபியை ராத்திரிக்குக் குறைத்தால் எழுந்து போவதும் குறையும். எஸ்டேட்காரரிடம் இதைச் சொன்னால் முறைப்பார். புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், கருவிழித்திரை தளர்ந்து ஆபரேஷனைக் கெடுக்கும். மாத்திரையை முன்பே நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

காப்பீடு இருப்பவர்கள் ‘புராஸ்டேட் சிகிச்சை கவர் ஆகுமா’ என்று பொதுவாகக் கேட்டால் ஆகும் என்றுதான் பதில் வரும். ரெஜூம், பி.ஏ.இ. என்று பெயரைச் சொல்லி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவியின் விலையும் துகளின் விலையும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலைத் தாளில் வாங்கிய பிறகு அட்மிஷன் போடுங்கள்.