எட்டு ரிலேவுக்கு ஒன்பதாவது கட்டளை: ஒரு கன்ட்ரோல் கார்டும் அதன் டிரைவரும்

கார்டு நல்ல கார்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதில் பெரும்பகுதி அதோடு கொடுத்த டிரைவரை, அதாவது கம்ப்யூட்டர் அந்தக் கார்டோடு பேச உதவும் ப்ரோகிராமைப் பற்றிய குறைதான், படித்து முடிக்கும்போது இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சேரன்மகாதேவிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் புழுங்கல் அரிசி மில் வைத்திருக்கிறார். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்கும் வேலையைக் குறைத்து டிரையர் போட்டபோது, மோட்டார்களைக் கம்ப்யூட்டரில் இருந்து ஓட்டுவதற்காக இந்தக் கார்டை வாங்கினார். கம்ப்யூட்டருக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகுகிற வகை. மோட்டார்களை ஆன் ஆஃப் செய்ய எட்டு ரிலே, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவுகளுக்கு நான்கு அனலாக் அவுட்புட், ஈரப்பதம் வெப்பநிலை படிக்க எட்டு இன்புட். விலை 18,500 ரூபாய். லினக்ஸ் டிரைவரை சோர்ஸ் கோடாகவே கொடுத்துவிடுகிறார்கள், சுமார் 1,400 வரி. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

ஹார்டுவேரில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டெர்மினல்களில் எழுத்து அழியாமல் அச்சிட்டிருக்கிறார்கள், இன்புட்டுகளுக்கு ஆப்டோ கப்ளர் போட்டு மின்சாரத் தொடர்பு இல்லாமல் பிரித்திருக்கிறார்கள், ஆனி ஆடிக் காற்றில் லைன் ஆடி ஆடி வந்தபோதும் ஒரு ரிலேகூடத் தானாக அடிக்கவில்லை. உமித் தூசி பறக்கிற இடத்தில் ஏழு மாதம் ஓடியிருக்கிறது. கார்டின் எந்த ரெஜிஸ்டரில், அதாவது எந்த முகவரியில், எழுதினால் என்ன நடக்கும் என்ற ரெஜிஸ்டர் அட்டவணையைத் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அது பெரிய விஷயம், பல பேர் கேட்டாலும் தருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கார்டிலேயே ஒரு வாட்ச்டாக் இருக்கிறது: கம்ப்யூட்டரிடம் இருந்து இரண்டு விநாடி எந்தக் கட்டளையும் வரவில்லை என்றால் எல்லா ரிலேயையும் கார்டே விட்டு, மோட்டார்களை நிறுத்திவிடும். மில்லுக்கு இதைவிட முக்கியமான வசதி வேறு கிடையாது. இந்த வசதிக்காகத்தான் இந்தக் கார்டை வாங்கலாம் என்று நானும் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

பிறகு ஒருநாள் ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு போன். "டே தம்பி, ஸ்கிரீன் அப்படியே நிக்கி, எலிவேட்டர் மட்டும் ஓடிட்டே கெடக்கு, ரப்பர் கருகுத வாடை வருது, உடனே கெளம்பி வா டே" என்றார். பாளையங்கோட்டையில் இருந்து மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாக நான் போய்ச் சேருவதற்குள் ஆபரேட்டர் பேனலின் மெயினை இறக்கிவிட்டார். கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டி பழுதாகி மொத்தமும் உறைந்துபோயிருந்தது. மேலே நெல் சேருகிற தொட்டி நிறைந்துவிட்டது, நிறுத்தச் சொல்ல ஆளில்லை, கன்வேயர் நெல்லைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது, நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டரின் அடிப்பகுதி அடைத்துக்கொண்டு பெல்ட் வழுக்கியிருக்கிறது. மூன்று பேர் கையால் நெல்லை அள்ளி வெளியே எடுக்க விடிந்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் ஒரே கேள்விதான்: வாட்ச்டாக் எங்கே போனது?

மறுநாள் டிரைவர் கோடை உட்கார்ந்து படித்தேன். வாங்கும்போதே படித்திருக்க வேண்டும்.

இந்த மாதிரி டிரைவரைப் படிக்கும்போது எங்கே தொடங்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. யூசர் ப்ரோகிராம் அனுப்புகிற கட்டளை லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் நுழைகிற இடம், அதாவது ஐஆக்டில் ஃபங்ஷன். அங்கே ஒரு பெரிய ஸ்விட்ச் இருக்கும், ஒவ்வொரு கட்டளை எண்ணுக்கும் ஒரு கேஸ். ஒவ்வொரு கேஸிலும் யூசரிடம் இருந்து வந்த ஒவ்வொரு எண்ணையும் விரலை வைத்துப் பின்தொடர்ந்து போக வேண்டும், அது ஒரு ரெஜிஸ்டரிலோ ஓர் அரேயின் இண்டெக்ஸாகவோ ஒரு லூப்பின் எல்லையாகவோ போய் முடிகிற வரைக்கும். வழியில் எங்கே அதைச் சோதித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சோதிக்காமல் ஹார்டுவேர் வரைக்கும் போய்விட்டால் அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரிலே கட்டளையிலேயே கிடைத்துவிட்டது. யூசர் கொடுக்கிற ரிலே எண்ணை நாலால் பெருக்கி, ரிலே ரெஜிஸ்டர்கள் தொடங்கும் முகவரியோடு கூட்டி, அங்கே ஒன்றையோ பூஜ்யத்தையோ எழுதுகிறார்கள். எட்டு ரிலேவுக்கு எட்டு ரெஜிஸ்டர், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 32 பைட். எண் 0 முதல் 7 வரைதான் இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு வரி இல்லை. சரி, 8 என்று அனுப்பினால் என்ன ஆகும்? 32 பைட்டைத் தாண்டி அடுத்த ரெஜிஸ்டரில் எழுதும். ரெஜிஸ்டர் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் அடுத்த ரெஜிஸ்டர் வாட்ச்டாக் நேரம். அதில் பூஜ்யம் எழுதினால் வாட்ச்டாக் அணைந்துவிடும் என்று அட்டவணையே சொல்கிறது.

8 என்று யார் அனுப்பினார்கள் என்பதுதான் மிச்சம். அதே நிறுவனம் கொடுத்த ஸ்கிரீன் சாஃப்ட்வேரில் 'எல்லாம் நிறுத்து' என்று ஒரு பட்டன் உண்டு. அந்த லூப்பில் 'சிறியது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்று எழுதிவிட்டார்கள், லூப் எட்டு முறைக்குப் பதில் ஒன்பது முறை ஓடுகிறது. முதல் எட்டில் எல்லா மோட்டாரும் ஒழுங்காக நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒன்பதாவது வாட்ச்டாக்கை அணைக்கும். வாட்ச்டாக் நேரத்தை டிரைவர் லோடு ஆகும்போது ஒரே ஒருமுறைதான் எழுதுகிறார்கள், ஆகவே கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து முதல்முறை அந்தப் பட்டனை அழுத்தியதில் இருந்து மில் பாதுகாப்பில்லாமல்தான் ஓடியிருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அழுத்துகிற பட்டன் அது.

ஸ்கிரீன் சாஃப்ட்வேரில் தப்பு இருக்கத்தான் செய்யும், அதை யாராலும் முழுசாகத் தடுக்க முடியாது. தப்பான எண் வந்தால் 'செல்லாத மதிப்பு' என்று திருப்பி அனுப்புவதுதான் டிரைவரின் வேலை. ஒரே ஒரு இஃப், எண்ணைச் சோதிக்கிற ஒரு வரி. அது இருந்திருந்தால் சோதனை ஓட்டத்தின் முதல் நாளே பிழைச் செய்தி வந்திருக்கும், லூப்பையும் அன்றைக்கே திருத்தியிருப்பார்கள்.

கருவிகள் இருக்கின்றனவே, அவை கண்டுபிடிக்காதா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கெர்னலின் மெமரிப் பிழைகளைப் பிடிக்கிற கேஸான் (KASAN) என்ற கருவியைப் போட்டு ஓட்டினாலும் இது சிக்காது. கேஸான் பார்ப்பது கெர்னல் தன் தேவைக்கு ஒதுக்கிக்கொண்ட மெமரியை. இங்கே எழுதுவது கார்டின் ரெஜிஸ்டர் பரப்பில், ஒன்பதாவது முகவரியும் அதே கார்டின் எல்லைக்குள் முறையாக மேப் ஆன முகவரிதான், ஆகவே அதன் கண்ணுக்கு எல்லாம் சரி. கெர்னலுக்கும் ஒன்றும் தெரியாது, நடந்ததைக் குறித்துவைக்கிற லாக் ஃபைலில் ஒரு வரி வராது. அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே இடம் ஹார்டுவேர்க்காரர் கொடுத்த அந்த அட்டவணை. அட்டவணையை ஒரு பக்கமும் கோடை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்து படித்தால்தான் இது வெளியே வரும். டிரைவர் கோடைக் கண்ணால் படிப்பதை நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான்.

அப்புறம் இன்னொரு கட்டளை இருந்தது, அதைப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. ரெஜிஸ்டர் முகவரியையும் மதிப்பையும் யூசரே கொடுக்கலாம், டிரைவர் அப்படியே எழுதிவிடும். தொழிற்சாலையில் கார்டைச் சோதிக்க வைத்தது, எடுக்க மறந்துவிட்டார்கள். கட்டளையை அப்படியே ஹார்டுவேருக்குக் கடத்துகிற வழி எப்போதுமே ஆபத்தான வழி. 2011இல் லினக்ஸிலேயே இப்படி ஒன்று வெளியே வந்தது: வட்டுக்கு ஸ்கசி கட்டளைகளை நேரடியாக அனுப்ப உதவும் எஸ்ஜி-ஐஓ என்ற ஐஆக்டிலை ஒரு பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பகுதி) மீது அனுப்பினாலும் அது முழு வட்டுக்கும் போய்விடும். ஒரு பார்ட்டிஷனை மட்டும் நம்பிக் கொடுத்த விர்ச்சுவல் மெஷின் (ஒரு கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர்), அதே வட்டில் இருக்கிற மற்றவர்களின் தரவைப் படிக்கவும் எழுதவும் அது வழிவிட்டது. அத்தனை பேர் பார்க்கிற கெர்னலிலேயே அப்படி ஒரு ஓட்டை இருந்தது என்றால், இரண்டு பேர் எழுதிய டிரைவரில் இப்படி ஒரு கதவைத் திறந்து வைப்பது எவ்வளவு துணிச்சல். அதற்கு மேல், டிவைஸ் ஃபைலுக்கு 0666 அனுமதி கொடுத்திருந்தார்கள், அதாவது அந்தக் கம்ப்யூட்டரில் எந்த ப்ரோகிராம் வேண்டுமானாலும் கட்டளை அனுப்பலாம். அண்ணாச்சியின் மில்லில் அதே கம்ப்யூட்டரில்தான் பில் போடுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், ராத்திரி வேலையில் இருக்கிற பையன்கள் பாட்டும் கேட்கிறார்கள்.

ஒரே தடவையில் பல கட்டளைகளை அனுப்பும் வசதியில் இருந்த தப்பு கொஞ்சம் நுட்பமானது. எத்தனை கட்டளை என்ற எண்ணை யூசர் மெமரியில் இருந்து முதலில் எடுக்கிறார்கள், 16க்குள் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள், நல்லது. பிறகு அதே தலைப்பகுதியை மறுபடியும் யூசர் மெமரியில் இருந்து எடுத்து, இரண்டாவதாக எடுத்ததில் இருக்கிற எண்ணை வைத்து லூப்பை ஓட்டுகிறார்கள். நெல் லாரியை எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி எடை குறித்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி இறக்கும்போது லோடு அதேதானா என்று பார்க்காமல் விடுவது போல. இரண்டு தடவைக்கும் நடுவில் யூசர் ப்ரோகிராமில் கூடவே ஓடுகிற இன்னொரு த்ரெட் அந்த எண்ணை 16இல் இருந்து 4,000 ஆக்கிவிட்டால், கெர்னலின் ஸ்டாக்கில் (தற்காலிக மெமரியில்) 16 பேருக்கு ஒதுக்கிய இடத்தில் 4,000 பேர் வந்து உட்காருவார்கள். ஒரே ஒருமுறை எடுக்க வேண்டும், எடுத்த நகலைச் சோதிக்க வேண்டும், அந்த நகலை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இந்தத் தப்பைப் பழைய பெரிய டிரைவர்களிலும் பார்த்திருக்கிறேன், முதல் வாசிப்பில் கண்ணுக்குப் படாது, ஏனென்றால் சோதனை வரி இருக்கிறது என்று மனசு திருப்தியாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடுகிற பூட்டு (லாக்) இல்லாததும் உண்மையாகவே அடிவாங்க வைக்கிற குறை. அனலாக் அவுட்புட்டுக்கு முதலில் சேனல் எண்ணை ஒரு ரெஜிஸ்டரிலும், பிறகு மதிப்பை இன்னொன்றிலும் எழுத வேண்டும். ஸ்கிரீன் சாஃப்ட்வேரும், அண்ணாச்சி வீட்டில் இருந்து மொபைலில் பார்க்கிற ப்ரோகிராமும் ஒரே நேரத்தில் எழுதினால், எலிவேட்டருக்குக் கொடுத்த வேகம் டிரையர் ஃபேனுக்குப் போகும். ஒரு காலத்தில் ஐஆக்டில் எல்லாவற்றையும் கெர்னலே ஒரு பெரிய பூட்டுக்குள் வைத்து ஒவ்வொன்றாக விட்டது, 2011இல் வந்த 2.6.39 பதிப்போடு அந்தப் பூட்டு முழுவதுமாக நீங்கிவிட்டது. அதற்குப் பிறகு டிரைவர் எழுதுகிறவர்தான் தன் மியூடெக்ஸை (அப்படிப்பட்ட ஒரு பூட்டை) தானே பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த டிரைவரில் மியூடெக்ஸை அறிவித்திருக்கிறார்கள், ஓரிடத்திலும் பிடிக்கவில்லை.

கார்டின் நிலைமையை யூசருக்குத் திருப்பித் தருகிற ஸ்ட்ரக்சரை (தரவுத் தொகுப்பை) பூஜ்யமாக்காமல் நிரப்புவதால் இடையில் இருக்கும் மூன்று வெற்று பைட் வழியாகக் கெர்னல் ஸ்டாக்கின் துணுக்கு வெளியே போகிறது, அதுவும் திருத்த வேண்டியதே, ஆனால் மில்லுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. தெரியாத கட்டளை எண் வந்தால் சரியான பிழையைத் திருப்புகிறார்கள். இன்புட் படிக்கும்போது காலவரம்பு வைத்துக் காத்திருக்கிறார்கள், சென்சார் ஒயர் அறுந்தாலும் டிரைவர் தொங்கிக்கொண்டு நிற்காது. யூசர் பாயின்டரை எங்கேயும் நேரடியாகத் தொடவில்லை. எழுதியவருக்கு வேலை தெரியும். இன்னொருவர் படித்துப் பார்க்கவில்லை, அதுதான் குறை.

நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, திருத்தங்களையும் பேட்சாக இணைத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது, மரியாதையான பதில். ரிலே எண் சோதனை, லூப் திருத்தம், பூட்டு மூன்றையும் அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டார்கள், தொழிற்சாலைக் கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதி இருந்தால் மட்டும் என்று மாற்றினார்கள். இரண்டு தடவை எடுக்கும் விஷயத்தில் மட்டும் "நடைமுறையில் அப்படி யாரும் செய்யமாட்டார்கள்" என்று நிற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் திருத்திய பதிப்பைத்தான் மில்லில் போட்டிருக்கிறேன்.

கார்டுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், டிரைவருக்கு முதலில் வந்த பதிப்புக்கு ஒன்றரை, இப்போது இருப்பதற்கு மூன்று. இந்த மாதிரிக் கார்டு வாங்குகிறவர்கள் சோர்ஸும் ரெஜிஸ்டர் அட்டவணையும் தராதவரிடம் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு எல்லைக்கு வெளியே ஓர் எண்ணை, எட்டு ரிலே என்றால் 8ஐயும் மைனஸ் ஒன்றையும், மோட்டார் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்பிப் பாருங்கள், பிழை திரும்பவில்லை என்றால் அந்தக் கார்டில் மோட்டாரை மாட்டாதீர்கள். அவசர நிறுத்தத்தை எந்தக் காரணத்துக்காகவும் கம்ப்யூட்டர் வழியாகக் கொடுக்காதீர்கள். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கான்டாக்டர் ஸ்விட்சின் காயிலுக்குப் போகிற ஒயரிலேயே சிவப்பு பட்டனை வைக்கச் சொல்லுங்கள், எங்கள் மில்லில் எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை அரை நாளில் செய்து கொடுத்தார்.

திருத்திய டிரைவரைப் போட்ட அன்று பிசான நெல் வரத்து தொடங்கவில்லை, எல்லாம் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. 'எல்லாம் நிறுத்து' அழுத்தி, மறுபடி எல்லாவற்றையும் ஓடவிட்டு, கட்டளை அனுப்புகிற ப்ரோகிராமை வேண்டுமென்றே உறைய வைத்தேன். அண்ணாச்சி பேனல் மெயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு விநாடியில் எட்டு ரிலேயும் ஒரே சத்தமாக விட்டுவிட்டன, எலிவேட்டர் மெதுவாக நின்றது. "இன்னொரு தடவ செய் டே" என்றார். நாலு தடவை செய்து பார்த்தோம்.