ஒதுக்கிய தொகுதியா, பாதி வேட்பாளரா, கட்சியின் மனமா?

எங்கள் ஊழியர் சங்கத்தின் விதிமுறைகளைத் திருத்திய குழுவில் நானும் இருந்தேன். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள். நிர்வாகக் குழுவிலோ பெயருக்கு ஓரிருவர். இதை மாற்ற என்ன விதி போடலாம் என்று பேச்சு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: சில இடங்களைப் பெண்களுக்கென ஒதுக்குவது, வேட்பாளர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்குவது, போட்டியிடும் அணிகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுவது. மூன்றையுமே நாடுகள் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கின்றன. நான் இரண்டாவதுக்குக் கை தூக்கினேன்.

2025 தொடக்கக் கணக்குப்படி உலக நாடாளுமன்றங்களில் பெண்கள் சுமார் 27 சதவீதம். துறைகளை நடத்தும் அமைச்சர்களில் சுமார் 23 சதவீதம். அதிலும் மகளிர் நலம், குழந்தைகள், சமூக நலம் என்ற வட்டத்துக்குள்தான் அதிகம் பேர். மேலே போகப் போக எண்ணிக்கை குறைகிறது என்றால், உள்ளே வருவதற்கு ஒரு கதவு திறந்தால் மட்டும் போதாது. வந்தவர் அங்கேயே நின்று மூத்தவராகவும் வேண்டும். எந்த விதியையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: முதல் முறை ஜெயித்த பெண், அடுத்த தேர்தலில் எங்கே இருப்பார்?

கட்சிகளின் விருப்பத்துக்கு விடுவதற்கு நல்ல உதாரணம் சுவீடன். 1991 தேர்தலில் அங்கே பெண் உறுப்பினர்கள் குறைந்துவிட்டார்கள். கோபமடைந்த பெண்கள் தனிக்கட்சி தொடங்குவோம் என்று எச்சரித்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சி 1993இல் இறங்கிவந்து, பட்டியலில் ஆண், பெண் என்று மாற்றி மாற்றிப் பெயர் போட ஒப்புக்கொண்டது. 1994இல் நாடாளுமன்றத்தில் 40 சதவீதம் பெண்கள், அமைச்சரவையில் பாதி. எந்தச் சட்டமும் இல்லாமல் நடந்தது இது. ஆனால் எச்சரிக்கை விடுக்க அப்படி ஒரு கூட்டம் இருந்ததால்தான் நடந்தது. நம் பக்கம் 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117 பெண்களை நிறுத்தியது. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் ஒருவரும் ஜெயிக்கவில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் திரிணாமூல் 42 இடங்களில் 17 பெண்களை நிறுத்தியது. ஜெயிக்கக்கூடிய மற்ற கட்சிகள் அந்த வழியில் போகவில்லை என்பது 2024 மக்களவையைப் பார்த்தாலே தெரியும்: 543 பேரில் 74 பெண்கள்.

இடஒதுக்கீட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்திராவிட்டால் நம் ஊராட்சிகளில் இத்தனை பெண்கள் வந்திருக்கவே மாட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்ந்தது. 2022இல் 21 மாநகராட்சிகளில் 11 பேர் பெண் மேயர்கள். கணவர்தான் நாற்காலியில் உட்கார்கிறார் என்ற புகாரை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் அதில் நேரம் செலவிடவில்லை. என்னை உறுத்துவது சுழற்சி, அதாவது ஒதுக்கிய இடங்கள் தேர்தல்களுக்கிடையே மாறிக்கொண்டே இருப்பது.

ஒரு வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஒரு பெண் ஜெயிக்கிறார். முதல் இரண்டு வருடம் கோப்பு எங்கே போகும், எந்தப் பொறியாளரைப் பிடித்தால் குழாய் வரும், நிதி எப்போது வரும் என்று கற்றுக்கொள்வதிலேயே போகிறது. கடைசி இரண்டு வருடம்தான் வேலை. கைக்குள் வந்த நேரத்தில் சுழற்சியில் வார்டு பொதுவாகிவிடும். கட்சி உடனே ஓர் ஆணுக்கு சீட் கொடுக்கும். "ஒங்க டர்ன் முடிஞ்சிருச்சும்மா" என்பார்கள், ஏதோ இரவல் வாங்கியதைத் திருப்பிக் கேட்பதுபோல. தமிழ்நாட்டில் இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை சுழற்சி என்பதால் இங்கே கொஞ்சம் மூச்சுவிடலாம். ஐந்தே வருடத்தில் மாற்றும் மாநிலங்களில் அதுகூட இல்லை. 2023இல் நிறைவேறிய மக்களவை, சட்டமன்ற ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகும் சுழற்சி உண்டு. இடைவெளி நீளம்தான், ஆனால் கோளாறு அதேதான்.

இதற்கு எதிரான ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். மும்பை மாநகராட்சியில் முன்பு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு பொதுவான வார்டுகளை ஆராய்ந்தபோது, முன்பு ஒதுக்கப்படாத வார்டுகளைவிட அங்கே பெண் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. ஒதுக்கீடு போனபிறகும் ஏதோ தங்குகிறது. ஆனாலும் அந்த வார்டுகளில் ஐந்தில் ஒன்றில்தான் பெண் ஜெயித்தார். மற்ற நான்கிலும் ஆண்தான்.

சரி, மெக்சிகோ. எனக்குப் பிடித்த உதாரணம், அதுவும் அது தடுமாறித் தடுமாறிச் சரியானதால். 2009இல் வேட்பாளர்களில் 40 சதவீதம் பெண்கள் என்று சட்டம் இருந்தது. அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. பெண்கள் சிலர் ஜெயித்து வந்ததுமே விடுப்பு கேட்டார்கள். அந்த இடத்தில் மாற்று உறுப்பினரான ஆண் வந்து உட்கார்ந்தார். சிலருக்கு அவர் கணவரே. 2011இல் தேர்தல் தீர்ப்பாயம் அந்த ஓட்டையை அடைத்தது: பெண்ணுக்கு மாற்றும் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். அடுத்து கட்சிகள் தோற்கும் தொகுதிகளைப் பெண்களுக்குத் தள்ளின. 2014 சட்டம் அதையும் தடுத்தது. பாதிக்குப் பாதி என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது. 2019இல் அமைச்சரவை, நீதித்துறை உட்பட எல்லாவற்றுக்கும் அது விரிந்தது. 2021இல் கீழவையின் 500 பேரில் 250 பெண்கள்.

அதைவிட முக்கியமானது அதே 2021இல் நடந்த ஆளுநர் தேர்தல். அங்கே ஆளுநர் என்பவர் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வருபவர். 15 மாநிலங்களில் ஒவ்வொரு கட்சியும் குறைந்தது 7 பெண்களை நிறுத்தவேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொன்னது. ஆறு பெண்கள் ஜெயித்தார்கள். அதற்கு முன் அந்த நாட்டின் வரலாறு முழுவதிலும் பெண் ஆளுநர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குறிப்பிட்ட எந்தத் தொகுதியும் பெண் தொகுதி என்று முத்திரை குத்தப்படாததால், ஜெயித்தவரை யாரும் சுழற்சி சொல்லி இறக்க முடியாது. கிளாடியா ஷேன்பாம் 2015இல் தலைநகரின் ஒரு பகுதிக்குத் தலைவர், 2018இல் நகரத்துக்கே தலைவர், 2024இல் நாட்டின் அதிபர். ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார். அந்தத் தேர்தலில் அவருக்கு முக்கியப் போட்டியாளரும் ஒரு பெண்தான். இதெல்லாம் விதியால் மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குப் பின்னால் பலமான கட்சி இருந்தது. இன்னொன்று, 2030 முதல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்தடுத்துப் போட்டியிட முடியாது என்று அங்கே முடிவாகியிருக்கிறது. என் வாதத்துக்கு அது சாதகமில்லை. ஆனால் அந்தத் தடை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

நேபாளம் கொடுத்த பாடம் வேறு. மேயர், துணை மேயர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தும் கட்சி, ஒன்றில் பெண்ணை நிறுத்தவேண்டும். 2017இல் 753 உள்ளாட்சிகளில் 90 சதவீதத்துக்கு மேல் துணைத் தலைவர்கள் பெண்கள். தலைவர்களில் பெண்கள் 18 பேர்தான். உள்ளூர் வழக்குகளைத் தீர்க்கும் நீதிக் குழுவுக்குத் துணைத் தலைவர்தான் பொறுப்பு, ஆக அது வெறும் அலங்காரப் பதவி இல்லை. இருந்தாலும் கையெழுத்து தலைவருடையது.

அதனால் எங்கள் விதியை இப்படி எழுதினோம். ஒவ்வோர் அணியும் பாதிப் பெண்களை நிறுத்தவேண்டும். தலைவர், பொதுச்செயலாளர் இரண்டில் ஒன்று பெண்ணாக இருக்கவேண்டும். துணைத் தலைவர் பதவி இந்தக் கணக்கில் சேராது. நடுவில் ஒரு பெண் விலகினால் அந்த இடத்துக்குப் பெண்ணே வரவேண்டும். இந்தக் கடைசி வரிக்குத்தான் எதிர்ப்பு அதிகம், விடாமல் வாதாடித்தான் சேர்த்தோம். புது விதியின்கீழ் இதுவரை ஒரே ஒரு தேர்தல்தான் நடந்திருக்கிறது. ஜெயித்த பெண்களில் எத்தனை பேர் மறுபடியும் நிற்கிறார்கள் என்பது அடுத்த தேர்தலில்தான் தெரியும்.