பேப்பர் கிளியர், வண்டி வெள்ளத்தில் கிடந்தது: பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியிலோ கடலூரிலோ செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ (சரிசெய்வது கட்டுப்படியாகாத முழு நஷ்டம்) என்று கணக்கை முடித்துவிட்ட ஒரு வண்டியை 4,35,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஆர்.சி.யில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

அம்மாவுக்கு ஜிப்மரில் சிறுநீரகப் பிரிவில் வைத்தியம். மாதம் இரண்டு முறை போக வேண்டும். விடியற்காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து கோரிமேட்டுக்கு இன்னொரு பஸ். வீங்கிய காலோடு அம்மா அந்தப் படியில் ஏறுவதைப் பார்க்க முடியாமல்தான் கார் வாங்குவது என்று முடிவெடுத்தோம். புது வண்டிக்கு வசதி இல்லை. நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து, நாலரை லட்சத்துக்குள் ஏதாவது பார்க்கலாம் என்று 2025 ஜூனில் தேட ஆரம்பித்தோம்.

புதுச்சேரியில் வில்லியனூர் சாலைப் பக்கம் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் கடை) வண்டி பிடித்துப்போனது. 2018 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், வெள்ளை. மீட்டரில் 48,000 கிலோமீட்டர். புது சீட் கவர், புது மேட், உள்ளே மல்லிகை வாசனை. இதே மாடலுக்கு மற்ற இடங்களில் 4,75,000 சொன்னார்கள், இங்கே நாற்பதாயிரம் குறைவு. பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. பாதி விலைக்குக் கிடைத்திருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

நான் ஒன்றும் கேட்காமல் வாங்கவில்லை. புதுச்சேரிப் பதிவு வண்டி வேண்டாம், தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால் என்.ஓ.சி., வரி என்று அலைச்சல் என எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இது சென்னைப் பதிவு. சரி என்று நினைத்தேன். அப்புறம், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஊரே மூழ்கியதும், அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் பக்கம் புகுந்ததும் மறக்கக்கூடியதா? அதனால் கடைக்காரரிடம் நேராகவே கேட்டேன், “ஃபெஞ்சல்ல தண்ணி ஏறின வண்டியா தம்பி?”

“சத்தியமா இல்லக்கா. அப்ப இந்த வண்டி இங்கயே இல்ல. சென்னையில ஒரு டாக்டர் வீட்டு வண்டி.”

அந்தப் பதிலில் பாதி உண்மைதான். ஃபெஞ்சல் சமயத்தில் வண்டி எங்கே இருந்ததோ, அதற்கு ஒரு வருடம் முன்பே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில், சென்னையில் அது மூழ்கிவிட்டது. ஒரு புயலின் பெயரைச் சொல்லிக் கேட்டேன், அந்தப் பெயருக்கு மட்டும் அவர் பதில் சொன்னார். “இந்த வண்டி எப்போதாவது தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா, இன்ஷூரன்ஸில் டோட்டல் லாஸ் போட்டிருக்கிறார்களா?” என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

சீட்டுக்குக் கீழே லேசாகத் துரு இருந்ததை என் வீட்டுக்காரர் கவனித்தார். அதற்கும் கடைக்காரரிடம் பதில் தயாராக இருந்தது. “கடலோர ஊரு சார், உப்புக் காத்து. உங்க வீட்டு ஜன்னல் கம்பியே துருப் பிடிக்கும்ல?” எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்துத்தான் இருக்கிறது. அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

நான்கு மாதம் வண்டி ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் தொல்லை ஆரம்பமானது. ஒரு நாள் பவர் விண்டோ இறங்காது, மறுநாள் தானாகச் சரியாகும். சென்ட்ரல் லாக் நடு ராத்திரியில் தானே திறந்து மூடும். அக்டோபர் கடைசியில் ஜிப்மரிலிருந்து திரும்பும்போது மணி ஏழு, நல்ல மழை. கிருமாம்பாக்கம் தாண்டி முள்ளோடைக்குச் சற்று முன்னால் ஹெட்லைட் இரண்டு தடவை மினுக்கியது, வைப்பர் நின்றது, வண்டியும் நின்றது. ஹசார்டு லைட்டும் எரியவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களை ஒட்டிப் போனது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து கடலூர் முதுநகரில் ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டோம். அந்த மெக்கானிக் அண்ணன் 2015 வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் முங்கிய வண்டிகளையே பார்த்தவர். பானெட்டைக்கூட அவர் திறக்கவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். நாம் தினமும் போடும்போது வெளியே வரும் அளவோடு நிற்காமல், இன்னும், இன்னும் என்று உருளையில் சுற்றியிருக்கும் கடைசி அடி வரைக்கும் இழுத்தார். வெளியே தெரிகிற பகுதி கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. கடைசி ஒரு முழம் வந்தபோது நிறம் மாறியது. செம்மண் கலந்த பழுப்பு. குறுக்கே ஒரு கோடு, தண்ணீர் நின்ற மட்டம். விரலால் தேய்த்துக் காட்டினார், பொடி மண் ஒட்டிக்கொண்டு வந்தது.

“உப்புக் காத்து டோர் ஓரத்தைத் தின்னும், சைலன்ஸரைத் தின்னும். பெல்ட் உருளைக்குள்ள வண்டல் கொண்டுபோய் வைக்காதும்மா” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒயரிங் கனெக்டர்களைக் கழற்றினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. மழைக்காலத்து ஈரம் பட்டதும் அந்தப் பச்சைதான் வேலையைக் காட்டியிருக்கிறது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் குழியின் ஓரத்தில் காய்ந்த வண்டல். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாவற்றிலும் ஸ்பேனர் போட்ட தடம். சீட்டை வெளியே எடுத்து, கழுவி, காயவைத்து, கவர் போட்டு மறுபடி மாட்டியிருக்கிறார்கள்.

என்னால் தாங்க முடியாமல் போனது ஏர்பேக் விஷயம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அப்போதுதான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அந்த விளக்கு எரிந்ததே இல்லை. எரியாதவரை நல்லது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது ஏர்பேக்கை இயக்கும் கம்ப்யூட்டரிடமிருந்து (மாட்யூல்) பதிலே வரவில்லை. பழுதைக் காட்டும் விளக்கு எரியாதபடி யாரோ அதன் இணைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். நான்கு மாதம் அம்மாவை அந்த முன் சீட்டில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் கூட்டிப்போயிருக்கிறோம். விளக்கின் இணைப்பை எடுத்தவருக்கு அது என்ன விளக்கு என்று தெரிந்திருக்கும்.

ஆர்.சி. அதற்குள் என் பெயருக்கு வந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய சர்வீஸ் பதிவைக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். கடைசிப் பதிவு 2023 டிசம்பர். வண்டியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், டேஷ்போர்டு வரை தண்ணீர், பழுது மதிப்பீடு 3,62,000 ரூபாய். அன்று மீட்டரில் 61,400 கிலோமீட்டர். ஒன்றரை வருடம் கழித்து நான் வாங்கும்போது 48,000. மீட்டரையே வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்றார் மெக்கானிக் அண்ணன்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பழைய வண்டிகளில்தான் இது அதிகம் நடக்க வாய்ப்பு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி வைக்கும் மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள். அது வருடா வருடம் குறையும், ஐந்தாவது வருடத்தில் புது விலையில் பாதியாகிவிடும். பழுதுபார்க்கும் செலவு அந்த ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஆகவே வண்டி பழசாகப் பழசாக, ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் சீட்டும் நனைந்தாலே கணக்கு தாண்டிவிடும். ஓனருக்குப் பணம் வந்துவிடும். வண்டியை, சேதமான வண்டிகளை வாங்கும் சால்வேஜ்காரர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். ஓனரிடம் பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கழுவித் துடைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தால் அது சாதாரண ‘இரண்டாவது ஓனர்’ வண்டி.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போனில் கேட்ட முதல் கேள்வி, “டைட்டில்ல சால்வேஜ்னு போட்டிருக்குமே, பார்க்கலையா அக்கா?” அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று முத்திரை விழுமாம். சரிசெய்து சோதனையில் தேறினால் ‘ரீபில்ட்’ என்று மாறும். வாங்குகிறவன் தெரிந்தே குறைந்த விலைக்கு வாங்குவான். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு வரி கிடையாது. வண்டி அடியோடு அழிந்துபோனாலோ இனி ஓடவே முடியாது என்றாலோ 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் இந்த மாதிரி வண்டி ‘சரிசெய்தால் ஓடும்’ என்ற கணக்கில் தப்பிவிடுகிறது.

ஆர்.சி.யில் இல்லாவிட்டாலும் வேறு இரண்டு இடத்தில் தடயம் இருந்தது. அப்போது பார்க்கத் தெரியவில்லை. ஒன்று, பெயர் மாறிய தேதி. முதல் ஓனரிடமிருந்து இரண்டாமவருக்கு 2024 மார்ச்சில் மாறியிருக்கிறது, மிக்ஜாம் முடிந்து மூன்றே மாதம். இன்னொன்று இன்ஷூரன்ஸ். ஐந்து வருடம் முழு இன்ஷூரன்ஸ் இருந்த வண்டிக்கு, நடுவில் சில மாதம் ஒன்றுமே இல்லாமல், பிறகு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கு மட்டும்) மட்டும். விட்டுப்போன முழு இன்ஷூரன்ஸை மறுபடி எடுக்க வேண்டுமானால் வண்டியை ஆய்வு செய்வார்கள். தேர்ட் பார்ட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைக்காரரிடம் பழைய பாலிசி நகலைக் கேட்டு வாங்கி, அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, எவ்வளவு என்று பாருங்கள். தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு 50 சதவீதம் இருக்கும். பூஜ்யம் என்றால் அதற்கு முந்தைய வருடம் கிளெய்ம் போட்டார்களா, எதற்கு என்று விடாமல் கேளுங்கள். பாலிசி நகல் ‘தொலைந்துபோச்சு’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சர்வீஸ் சென்டருக்கு வாங்குவதற்கு முன்பே போங்கள். விற்பவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போனால் ஆயிரமோ இரண்டாயிரமோ செலவாகும். நாங்கள் அதை மிச்சப்படுத்தினோம். விபத்தில் நொறுங்கிய வண்டியாக இருந்தால் பார்க்க வேண்டியது வேறு. பானெட்டுக்கு உள்ளேயும் கதவோரத் தூண்களிலும் வெல்டிங் தடம், கண்ணாடிகளில் வேறு வேறு வருடக் குறி, காந்தம் ஒட்டாத அளவுக்கு, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பூச்சு. அதில் எனக்கு அனுபவம் இல்லை, தெரிந்தவரை வைத்துப் பாருங்கள்.

பதிவு செய்த பழைய வண்டிகளை விற்கும் கடைகள் 2023 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், ஃபார்ம் 29பி என்பார்கள். எங்கள் கடையில் அது இல்லை. ‘ஓனருக்கும் உங்களுக்கும் நடந்த வியாபாரம், நான் வெறும் நடுவில் நின்றவன்’ என்று இப்போது கடைக்காரர் சொல்கிறார். நான் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டில் ‘வண்டியின் தற்போதைய நிலையைப் பார்த்துத் திருப்தியடைந்து பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கிறது. சாவி வாங்கும் அவசரத்தில் அதைப் படிக்கவில்லை. எனக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று. மூன்று லட்சத்தைக் கடையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தேன். மிச்சம் 1,35,000 ரொக்கம், அதற்கு ரசீது இல்லை.

கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் வருடச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், தமிழிலேயே பேசலாம்.

“விழுப்புரத்துல ஒரு கன்சல்டிங்ல தள்ளிவிட்டுடலாம், மூணு லட்சம் வரும், யாரும் கேட்க மாட்டாங்க” என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அந்த முன் சீட்டில் இன்னொரு வீட்டு அம்மா உட்காருவார் என்பதால் எங்களால் முடியவில்லை. ஒயரிங், மாட்யூல், ஏர்பேக் எல்லாம் மாற்ற 1,40,000 ஆகும் என்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. அம்மா பழையபடி பஸ்ஸில்தான் போகிறார்.

இன்னொன்று. நாங்கள் வண்டி எடுத்த அன்று அந்தக் கடை வாசலில் இன்னும் இரண்டு கார்கள் நின்றன, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். இரண்டும் சென்னைப் பதிவு, இரண்டிலும் எங்களுடையதைப் போலவே புது சீட் கவர். இரண்டும் விற்றிருக்கும். 2025 ஜூனை ஒட்டி அந்தப் பக்கம் கார் வாங்கியவர்கள் இதைப் படித்தால், இன்றைக்கே டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்.