டேக் ஹோயர் மொனாக்கோ கேலிபர் 11: ரீஇஷ்யூன்னா இப்படி இருக்கணும்

பழைய ரேஸிங் வாட்ச்சைத் தூசி தட்டி ரீஇஷ்யூன்னு திரும்ப விடுறது இப்போ எல்லா கம்பெனியும் பண்றாங்க. நான் அதுல பார்க்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் காலத்துல அந்த டிசைன் ஏன் அப்படி வந்துச்சுன்னு புரிஞ்சு பண்ணிருக்காங்களா, இல்ல மூஞ்சிய மட்டும் காப்பி அடிச்சிருக்காங்களா. அந்தக் கணக்குல 2015ல வந்த நீல டயல் மொனாக்கோ கேலிபர் 11 எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்ச வாட்ச்.

மொனாக்கோல எல்லாருக்கும் முதல்ல கண்ணுல படுறது சதுர கேஸ், ஆனா உண்மையான கதை கிரவுன்ல, அதாவது சாவி கொடுக்குற திருகுல இருக்கு. 1969ல ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வச்ச, தானா சாவி ஏறுற வாட்ச், யாரு முதல்ல கொண்டு வர்றதுன்னு ஒரு பக்கம் ஜெனித், ஒரு பக்கம் சீக்கோ, இன்னொரு பக்கம் ஹோயர் (டேக் ஹோயரோட பழைய பேரு), பிரைட்லிங், ஹாமில்டன்-பியூரன், டுபுவா டெப்ரா எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி. இந்தக் கூட்டணி பண்ண மூவ்மெண்ட்தான் (உள்ள ஓடுற இயந்திரம்) 1969 மொனாக்கோல இருந்த ஒரிஜினல் கேலிபர் 11, கீழ பியூரனோட மைக்ரோரோட்டர் (தானா சாவி ஏத்துற குட்டி சுழல் எடை) மூவ்மெண்ட், அது மேல டுபுவா டெப்ராவோட குரோனோகிராஃப் மாட்யூல் (தனி அடுக்கு), அப்படி அடுக்குனதுல கிரவுன் இடது பக்கம் போயிடுச்சு. உடனே ஹோயர் முதலாளி ஜாக் ஹோயரோட ஆளுங்க இது ஆட்டோமேட்டிக், தினமும் சாவி கொடுக்க வேண்டாம், அதனாலதான் கிரவுன் கைக்கு எட்டாத பக்கம் இருக்குன்னு அதையே விளம்பரமாக்கிட்டாங்க.

1998ல கறுப்பு டயல்ல முதல் ரீஇஷ்யூ வந்தப்போ கிரவுன் வலது பக்கம் வந்துடுச்சு. அழகான வாட்ச்தான், ஆனா எனக்கு அது மொனாக்கோவா தெரியல. நான் சொல்ற 2015 மாடல்ல செல்லிட்டா கம்பெனி மூவ்மெண்ட்டைத் திருப்பி வச்சு, மேல மறுபடியும் டுபுவா டெப்ரா மாட்யூலையே போட்டு, கிரவுனை இடது பக்கத்துக்கே கொண்டு வந்துட்டாங்க. அதே கம்பெனி மாட்யூல், அதே அடுக்குற முறை, நாப்பத்தாறு வருஷம் கழிச்சும்! இதுல ஒரு லாபமும் இருக்கு, மாட்யூல் வச்ச வாட்ச்ல சாதாரணமா கிரவுன் பட்டன்களை விட கொஞ்சம் கீழ இறங்கி இருக்கும், பக்கவாட்டுல பார்த்தா உறுத்தும், இங்க ரெண்டும் எதிரெதிர் பக்கம்கிறதால அது தெரியவே தெரியாது.

டயலை வெயில்ல கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, நீலம் அப்படியே கறுப்பாகி திரும்ப நீலமாகும், அது மேல ரெண்டு வெள்ளை சதுர சப்டயல் (குட்டி டயல்), படுக்கை வசத்துல இருக்குற மணிக் கோடுங்க, 12க்குக் கீழ டேக் இல்லாத பழைய ஹோயர் லோகோ. ஒரு வித்தியாசம் கவனிச்சேன், ஒரிஜினல்ல ஓடுற செகண்ட் முள்ளே கிடையாது, 30 நிமிஷ கவுண்டரும் 12 மணி நேர கவுண்டரும்தான், புதுசுல 12 மணி நேர கவுண்டர் போய் சின்ன செகண்ட் முள் வந்திருக்கு. ரேஸுக்கு மணிக் கவுண்டர்தான் நியாயம், ஆனாலும் தினமும் கட்டுற எனக்கு வாட்ச் ஓடுதான்னு ஒரு பார்வைல தெரியுறது பிடிச்சிருக்கு.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் 'லீ மான்ஸ்' ரேஸ் படத்துல மொனாக்கோ கட்டுன கதை எல்லாருக்கும் தெரியும், அதுல அவர் கட்டுன ஒண்ணு 2020 டிசம்பர்ல நியூயார்க் ஏலத்துல 22 லட்சம் டாலருக்குப் போச்சு, சாதாரண பழைய 1133 (ஒரிஜினல் மொனாக்கோவோட மாடல் நம்பர்) கூட நம்மால நெருங்க முடியாது, அப்படியே வாங்குனாலும் மழைல கட்டிட்டுப் போக மனசு வருமா? புதுசு 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ், சஃபையர் கிளாஸ், கவலையே இல்லாம கட்டலாம்.

குறைன்னா அளவும் தடிமனும். அகலம் 39 மில்லிமீட்டர்னு கேட்டா சின்னதா தோணும், சதுரம்கிறதால கைல பெருசாவே தெரியும், ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டா கஃப்ல இடிச்சுக்கிட்டே இருக்கும். பவர் ரிசர்வ், அதாவது கழட்டி வச்சா ஓடுற நேரம், 40 மணி நேரம்தான், வெள்ளிக்கிழமை கழட்டி வச்சா திங்கக்கிழமை நின்னிருக்கும்.

இதே கம்பெனியோட 2017 ஆட்டாவியா, ஃபார்முலா ஒன் வீரர் யோக்கன் ரின்ட் கட்டுன மாடல் மாதிரி வந்தது, மெக்கானிக்கலா இதை விட மேல, 80 மணி நேரம் ஓடும், ஆனா 42 மில்லிமீட்டர் ஆக்கிட்டாங்க, பழைய ஆட்டாவியாவோட அந்த அடக்கமான அளவு போயிடுச்சு. இவ்வளவு லட்சம் முடியாதுன்னா சீக்கோ ஸ்பீட்டைமர் சோலார், 39 மில்லிமீட்டர், பாண்டா டயல் (வெள்ளை டயல்ல கறுப்பு சப்டயல்), தாராளமா வாங்கலாம். அதோட பெசல்ல (டயலைச் சுத்தி இருக்குற வளையம்) வேகம் காட்டுற டாக்கிமீட்டர் இருக்கு, பஸ்ல போறப்போ ஒரு கிலோமீட்டர் கல்லுல பட்டனை அமுக்கி அடுத்த கல்லுல நிறுத்திப் பாருங்க, 45 செகண்டுல நின்னா முள் 80ஐக் காட்டும், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர்.

மொனாக்கோவை செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க கடைலயே குரோனோகிராஃபை ஓட விட்டு நிறுத்தி ரீசெட் பண்ணுங்க, சிவப்பு முள் டக்குனு நேரா 12ல வந்து நிக்கணும், ஒரு கோடு தள்ளி நின்னாலும் சர்வீஸ் செலவைக் கழிச்சு விலை பேசுங்க.