வீட்டில் காய்ச்சிய தேன்மெழுகு மசகு: ஐந்து வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஊஞ்சல் கத்தியதில்தான் இது ஆரம்பித்தது. 2020 ஊரடங்கு நேரம். இரும்புக்கடை பூட்டிக் கிடந்தது, ஒரு டப்பா கிரீஸ் வாங்க வழியில்லை. ஆச்சி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் சாய்ந்தால் நாலு வீடு தள்ளித் தெரியும். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவர், தேன் எடுத்தபின் மிஞ்சிய அடைகளை ஒரு பையில் போட்டு முன்பே கொடுத்திருந்தார். சமையலறையில் தேங்காய் எண்ணெய் இருந்தது. சரி, காய்ச்சிப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

நான் ஞாயிற்றுக்கிழமைத் தச்சன். பழைய கதவு, ஜன்னல், மர அலமாரி என்று பழுது பார்ப்பது பொழுதுபோக்கு, பிழைப்பு வேறு. அதனால் இங்கே சொல்வதெல்லாம் வீட்டுப் புழக்கம் சார்ந்தது. கீல், தாழ்ப்பாள், ஊஞ்சல் சங்கிலி, ரம்பம், மரம் சீவும் இழைப்புளி, திருகாணி, அரிவாள். மோட்டாருக்கும் பேரிங்குக்கும் இதைப் போடவே வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடையை அப்படியே எண்ணெயில் போட்டுக் காய்ச்சியது முதல் தவறு. தேன் ஒட்டியிருந்ததால் மறுநாளே டப்பாவைச் சுற்றி எறும்பு. அடையை முதலில் தண்ணீரில் போட்டு உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அப்படியே ஆறவிட வேண்டும். மெழுகு தண்ணீரைவிட லேசு, மேலே வட்டமாக உறைந்து நிற்கும். அடிப்பக்கம் ஒட்டிய கசடைச் சுரண்டி எடுத்துவிட்டால் போதும். போர்வெல் தண்ணீரில் ஒருமுறை செய்தபோது மெழுகுக்கு அடியில் வெளுத்த கூழ் போல ஒரு படலம் வந்தது. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து மெழுகில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து செய்யும் வேலை அது. அதற்கப்புறம் மழைத்தண்ணீர், இல்லையென்றால் ஆற்றுத்தண்ணீர்தான். தாமிரபரணிக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

காய்ச்சும்போது பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சின்னப் பாத்திரத்தில் மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் கருகாது, தீப்பிடிக்கும் பயமும் குறைவு. வீட்டில் சமைக்கும் பாத்திரத்தை எடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெழுகு பிடித்த பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகாது.

மெழுகு ஒரு பங்கு, தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கு. இதுதான் முதல் கூட்டு. ஊஞ்சல் அன்றைக்கே வாயை மூடியது. பெருமையாகத்தான் இருந்தது, சித்திரை வரும்வரை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பின்கட்டில் வைத்த டப்பா, கத்திரி வெயிலில் குழம்பு மாதிரி இளகியது. மார்கழிக் காலையில் அதே டப்பாவைத் திறந்தால் விரல் இறங்காது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைவது. நம் ஊர் மார்கழி விடியலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. ஒரு பொருள் ஆறு மாதம் குழம்பாகவும் ஒரு மாதம் கல்லாகவும் இருந்தால் அதை வைத்து என்ன செய்வது? இதற்கு மேல் எலித் தொல்லை. தேங்காய் வாசனைக்கு வந்து பிளாஸ்டிக் மூடியையே கரண்டிவிட்டது.

அடுத்து நல்லெண்ணெய். இதைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், தவறு என்னுடையதுதான் என்றாலும். முதல் இரண்டு மாதம் அருமை. மச்சு ஜன்னல் கீல் பன்னிரண்டுக்கும் பூசினேன். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு கீலும் பிசின் வைத்து ஒட்டியது போல இறுகிக் கிடக்கிறது. நல்லெண்ணெய் காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கெட்டியாகும் வகை. ஆளிவிதை எண்ணெய் அளவுக்கு வேகமாகக் காயாது, ஆனால் காயும். பிசுபிசுப்பில் தெருப்புழுதியெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு கீலையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. சமையல் எண்ணெய் எதையாவது கதவுக்கு விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் முன்பைவிட அதிகமாகக் கத்துகிறது என்று சொல்பவர்கள் இந்தக் காரணத்தையும் பார்க்கலாம்.

வழி காட்டியது ஆச்சிதான். நான் கீல் கழுவுவதைப் பார்த்துக்கொண்டே, "ஏலே, உங்க தாத்தா வண்டிக்கு மசை போட நல்லெண்ணெயா வாங்குனாவ?" என்று கேட்டாள். இல்லை, விளக்கெண்ணெய். வைக்கோலைக் கொளுத்தி, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். சக்கரம் சுழலும் அச்சான இருசுக்குப் போடும் வண்டி மசை அதுதான். சின்ன வயதில் சட்டையில் அந்தக் கறுப்பைப் பூசிக்கொண்டு வந்து அடி வாங்கியிருக்கிறேன். எதிரிலேயே இருந்தது, எனக்குத்தான் தோன்றவில்லை.

விளக்கெண்ணெய் காற்றில் காய்ந்து பிசினாவதில்லை. நல்ல கனம், உலோகத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்க் குளிருக்கு உறையாது. முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்களில் ஊற்றியதும் இதே எண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற எஞ்சின் ஆயிலின் பெயரே, இந்த எண்ணெய் தரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து வந்தது. தேன்மெழுகோடு இது நன்றாகக் கலக்கும். உதட்டுச்சாயத்தில் இந்த இரண்டையும் சேர்ப்பது வழக்கம், அதனால் கையில் பட்டாலும் பயமில்லை.

இப்போது நான் வைத்திருப்பது இரண்டு பதம். கீலுக்கும் சங்கிலிக்கும் மெழுகு 100 கிராம், விளக்கெண்ணெய் 150 கிராம். விரலால் வழித்து எடுக்கலாம், வெயிலில் வழியாது. திருகாணிக்கும் ரம்பத்துக்கும் மெழுகு 100 கிராமுக்கு எண்ணெய் 40 கிராம்தான். இதைக் காலியான பசைக்குச்சி டப்பாவில் ஊற்றி உறையவிட்டால் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் குச்சி தயார். பதம் பார்க்க, ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு ஆறவைத்து நகத்தால் கீறிப் பாருங்கள். பாகுப்பதம் பார்ப்பது மாதிரிதான். இளகலாக இருந்தால் மெழுகு, இறுகலாக இருந்தால் எண்ணெய்.

குச்சியின் அருமை தேக்கில் பித்தளைத் திருகாணி இறக்கும்போது தெரியும். மெழுகு தடவாமல் முறுக்கினால் தலை ஒடிந்து கையோடு வரும், மிச்சம் மரத்துக்குள். எங்கள் தெருத் தச்சர் அண்ணாச்சி இதற்குப் பார் சோப்பைத்தான் தேய்ப்பார். வேலை அப்போதைக்கு நடக்கும். ஆனால் சோப்பு ஈரத்தை இழுக்கும், இரும்புத் திருகாணி என்றால் உள்ளுக்குள் துருப் பிடிக்கும். பழைய அலமாரி ஒன்றில் அப்படித் துருவேறிய ஏழு திருகாணிகளைத் தோண்டி எடுத்தவன் சொல்கிறேன். அண்ணாச்சியிடமும் சொன்னேன். "கொழுப்புல செஞ்சா இன்னும் வழுக்கும்வே" என்றார். மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் எங்கள் வீட்டுப் படியேறாது. படையிலிருந்து ஓய்வு பெற்ற என் மைத்துனர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு 1857 சிப்பாய்க் கலகக் கதையைச் சொன்னார். வார்த்த ஈயக் குண்டுக்கும் மெழுகும் கொழுப்பும்தான் மசகாம், ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் அப்பிக்கொள்ளாமல் இருக்க. தோட்டாவில் என்ன கொழுப்பு என்ற சந்தேகம் சிப்பாய்களிடம் பரவியபோது, பிடித்த மசகை அவர்களே பூசிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

உண்மையான சோதனை நான் வைத்ததல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு மறக்காது. ஆறு எங்கள் பின்கட்டுக்குள் வந்தது. ஆளுக்குப் பாதிப்பில்லை, ஆனால் கருவிப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரிலும் வண்டலிலும் கிடந்தது. திறந்து பார்த்தபோது, அதற்கு முந்தைய மாதம் மசகு தடவித் துடைத்து வைத்த இழைப்புளியின் அடித்தகடு ஏறக்குறைய சுத்தம். ஓரத்தில் என் கை அடிக்கடி படும் இடத்தில் மட்டும் நாலைந்து புள்ளி. ரம்பமும் தப்பியது. புதிதாக வாங்கி, அப்புறம் பூசலாம் என்று விட்டிருந்த மூன்று உளிகள் செங்கல் நிறத்தில் இருந்தன. தீட்டியும் குழி போகவில்லை, ஒன்றைத் தூக்கியே போட்டுவிட்டேன். அரிவாளுக்குப் பிடி வரைக்கும் பூசியிருந்தேன், அதுவும் பிழைத்தது.

குறை இல்லாமல் இல்லை. இழைப்புளிக்கு அளவுக்கு மேல் பூசினால் எண்ணெய் மரத்தில் இறங்கும். அந்த இடத்தில் பசையும் ஒட்டாது, பாலிஷும் பிடிக்காது. பூசிவிட்டு, பூசவே இல்லை என்பது போலத் துடைத்துவிட வேண்டும். சைக்கிள் சங்கிலிக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரே வாரத்தில் மண்கட்டி. தையல் மிஷினுக்கு இது ரொம்பக் கனம், மைனி மிஷினில் போட்டுவிட்டு வாங்கிய திட்டு தனிக்கதை. பூட்டுக்குள்ளும் கூடாது. விளக்கெண்ணெய் வருடக்கணக்கில் நின்றால் லேசாகக் காறல் வாடை வரும், அதனால் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் காய்ச்சுவதில்லை.

மெழுகு வாங்கும்போது ஏமாறாதீர்கள். ஒரு கடையில் எனக்குத் தேன்மெழுகு என்று கொடுத்தது பாதிக்கு மேல் மெழுகுவர்த்தி மெழுகு. நல்ல மெழுகைக் கையில் வைத்துப் பிசைந்தால் சூட்டுக்கு இளகி வளைந்து கொடுக்கும், தேன் வாசனை வரும். கலப்படம் உதிரும், வாசனையும் இருக்காது. செலவு பார்த்தால் கடை கிரீஸ்தான் மலிவு. பெட்ரோலிய வாடையில்லாமல், ஊஞ்சலில் படுப்பவர் சேலையில் கறுப்புக் கறை விழாமல் இருக்க வேண்டும் என்றால்தான் இந்த மெனக்கெடல்.

ஊஞ்சலுக்கு வருடத்தில் இரண்டு தடவை, ஆடி மாதமும் தையும், கொக்கியைக் கழற்றித் துடைத்துப் பூசுகிறேன். நாலில் மூன்றுக்குத்தான். வாசல் பக்கக் கொக்கியைத் தொடக் கூடாது என்பது ஆச்சியின் உத்தரவு. தான் உள்ளே வேலையாக இருக்கும்போது ஊஞ்சலில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமாம்.