வரியைக் குறைப்பதா, கூட்டமாக வாங்குவதா?

சொந்தமாகக் கடை போட்டுத் தையல் தொழில் செய்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாத வருமானம் இருபதாயிரம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டுவதால் தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமில்லை. முதலாளி என்று யாரும் இல்லாததால், தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யும் கிடையாது. இப்படி இடையில் விடுபட்டவர்கள் இந்தியாவில் சுமார் 40 கோடிப் பேர் என்று 2021இல் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் கணக்கிட்டது. அரசு பிரீமியம் கட்டாமல், சந்தையின் போக்கிலேயே இவர்களுக்குத் தனியார் மருத்துவப் பாலிசியைக் கட்டுப்படியாக்க முடியுமா?

இதற்கான வழிகளில் அதிகம் கொண்டாடப்பட்டது வரி விலக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. 11,800 கட்டியவர் 10,000 கட்டினால் போதும். ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் செலவுகளுக்குக் கட்டும் வரியை முன்புபோல் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமை பிரீமியத்தின் மீதோ முகவர் கமிஷன் மீதோதான் இறங்கும். எப்படியானாலும் இது ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தவருக்கு மிச்சம். பத்தாயிரமே எட்டாதவருக்கு அல்ல. கட்டிய பிரீமியத்துக்கு வருமான வரியில் 80டி பிரிவு தரும் கழிவோ, வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாத தையல்காரருக்கு அடுத்த தெருக் கல்யாண விருந்து.

இரண்டாவது, 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொது மாதிரிப் பாலிசி. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே என்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். நல்ல யோசனை. இடிப்பது அறை வாடகையில். அதற்கு நிறுவனம் ஏற்பது நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். இரண்டு லட்ச ரூபாய் பாலிசி என்றால் 4,000. வேறு அறை காலியில்லை என்று 8,000 ரூபாய் அறையில் படுத்தால், அறைக் கட்டணத்தோடு விஷயம் முடிவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாகும். 60,000க்கு 30,000தான் கணக்கில் வரும். அதிலும் 5 சதவீதம் நோயாளி தலையில். டிஸ்சார்ஜ் அன்றுதான் இது பலருக்குத் தெரியவருகிறது. விலை குறைவு என்றால் கமிஷனும் குறைவு. முகவர்கள் இதைத் தாமாக எடுத்துக் காட்டாததில் ஆச்சரியமில்லை.

மூன்றாவதான சூப்பர் டாப்-அப் பாலிசியை விரைவாகக் கடந்துவிடலாம். முதல் மூன்று லட்சத்தை நாமே ஏற்றால் மீதியை நிறுவனம் ஏற்கும், பிரீமியம் மலிவு. தையல்காரரிடம் இல்லாதது அந்த முதல் மூன்று லட்சம்தானே!

என் ஓட்டு குழுப் பாலிசிக்கு. தனியாக வாங்க வருபவரிடம் நிறுவனத்துக்கு எப்போதும் ஒரு சந்தேகம்: நோய் தெரிந்த பிறகு வருகிறாரோ? தனிநபர் பாலிசியில் முன்பே இருந்த நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்பு வைப்பது அதனால்தான். ஐந்நூறு பேர் கொண்ட தொழிற்சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ மொத்தமாக வந்தால் இளையவரும் முதியவரும் கலந்தே வருவார்கள். விலை பேசலாம், காத்திருப்பையும் பேசிக் குறைக்கலாம். விற்பனைச் செலவும் ஆளுக்கு ஆள் ஆவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், குழுப் பாலிசிக்கு மட்டும் அந்த 18 சதவீதம் நீடிக்கிறது. வசதியுள்ள குடும்பம் தனியாக வாங்கும் பெரிய பாலிசிக்கு விலக்கு. சிறு தொழிலாளர்கள் சேர்ந்து வாங்கினால் வரி. விலக்கு முதலில் இங்கே வந்திருக்க வேண்டும்.

குழுவிலும் ஓட்டை உண்டு. சங்கம் அடுத்த ஆண்டு புதுப்பிக்காவிட்டால் உறுப்பினர் வெறுங்கையோடு நிற்பார். காப்பீடு வாங்குவதற்கென்றே குழு சேர்க்கவும் விதி இடம் தராது. ஏற்கெனவே இயங்கும் சங்கமாக இருக்க வேண்டும். சேர்பவர் தன் பெயரில் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும். குழுவை விட்டு விலகினால் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழியுண்டு. அதற்கு எத்தனை நாளுக்குள் எழுதித் தர வேண்டும் என்பதை முதல் தவணை கட்டும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.