கைக்குழந்தையின் வைரஸ் வயிற்றுப்போக்கு: ஓ.ஆர்.எஸ். கரைசலா, டிரிப்ஸா?

ரோட்டா, நோரோ முதலிய வைரஸ்களால் பருவந்தோறும் கைக்குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். அதற்குள் உடல் இழக்கும் நீரும் உப்புமே ஆபத்தை விளைவிக்கின்றன. ஆகவே, பேதியை எவ்வளவு விரைவில் நிறுத்துகிறது என்பதைவிட, இழந்ததை எவ்வளவு பாதுகாப்பாக ஈடுசெய்கிறது என்பதைக் கொண்டே ஒரு சிகிச்சையை மதிப்பிட வேண்டும்.

டிரிப்ஸ் ஏற்றினால்தான் குழந்தை தேறும் என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அவர்களுடைய தவிப்பு நியாயமானதே. ஆனால் லேசான, நடுத்தர நீரிழப்பில், உப்பும் குளுக்கோஸும் கலந்து வாய்வழியே புகட்டும் ஓ.ஆர்.எஸ். கரைசல் டிரிப்ஸுக்குச் சற்றும் குறைந்ததல்ல. வைரஸ் குடற்சுவரின் செல்களைச் சிதைத்தாலும், குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்வாங்கும் வழி பெருமளவு வேலை செய்துகொண்டிருக்கும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படும். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் குளுக்கோஸும் சோடியமும் சம அளவில், லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல் இருப்பது இதற்காகவே. பழச்சாறும் குளிர்பானமும் இதற்கு ஈடாகா. அவற்றிலுள்ள மிகுதியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீரில்தான் பொடியைக் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்காகும்.

நடுத்தர நீரிழப்புக்கு மருத்துவக் கண்காணிப்பில் எடையின் கிலோ ஒன்றுக்கு 75 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் கொடுப்பார்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெல்லப் புகட்டலாம். இந்தப் பொறுமைதான் கரைசல் கேட்கும் விலை. டிரிப்ஸுக்கோ ஊசி குத்தும் வலி, சிறு இரத்தக் குழாயைத் தேடும் சிரமம், தொற்று அபாயம் எல்லாம் உண்டு. எனினும் கடுமையான நீரிழப்பிலும், குழந்தை குடிக்கவே முடியாத நிலையிலும் அதுவே உயிர் காக்கும். அங்கே தயங்கக் கூடாது.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பேதியை அடக்கும் லோபராமைடைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடலின் இயக்கமே நின்றுபோகலாம். துத்தநாக மருந்து கரைசலுக்குத் துணையே தவிர மாற்றல்ல. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடமே அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. எந்தச் சிகிச்சையானாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

கண்ணும் உச்சிக்குழியும் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதிருத்தல், அழுதும் கண்ணீர் வராமை, துவண்டு கிடத்தல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், கரைசலைப் புகட்டிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மயக்கமாக இருந்தாலோ பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை இவை எதற்கும் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவதே சரி.